கால் பட்ட டிஸ்க்

ஈஸ்ட் பிரன்ஸ்விக் தமிழர்களில் திருமூர்த்தியைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் வாயால் வள்ளியின் ஸ்கோரைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு. இந்தியன் ஸ்டோரில் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவி யாரையாவது மடக்கி, "நேத்து நாங்க அஞ்சு அண்டர்" என்பார். அந்த மனிதர் எது அஞ்சு, எதற்கு அண்டர் என்று விழிப்பார். இதற்குத்தானே காத்திருந்தோம் என்று திருமூர்த்தி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு ஆதியிலிருந்து ஆரம்பிப்பார். டிஸ்க் கோல்ஃப் என்று ஓர் ஆட்டம். கோல்ஃப் மாதிரியேதான். பந்துக்குப் பதிலாக உள்ளங்கையை இரண்டு மடங்காக்கியது போல ஒரு பிளாஸ்டிக் டிஸ்க். குழிக்குப் பதிலாகக் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. டிஸ்க்கை வீசி வீசிக் கொண்டுபோய்க் கூடைக்குள் போட வேண்டும். மொத்தம் பதினெட்டுக் கூடைகள், குறைந்த எறியில் முடிப்பவர் ஜெயித்தார். ஆட்டத்துக்கு இத்தனை எறி என்று ஒரு கணக்கு உண்டு, அதைவிட ஐந்து எறி குறைவாக முடித்தால் அஞ்சு அண்டர். இவ்வளவையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த மனிதர் கறிவேப்பிலைப் பக்கம் நழுவியிருப்பார்.

இதில் "நாங்க" என்ற வார்த்தைதான் கொஞ்சம் இடிக்கும். எறிவதெல்லாம் அவர் மனைவி வள்ளி. திருமூர்த்தி பின்னாலேயே பை தூக்கிக்கொண்டு போகிறவர். அவரும் ஒரே ஒரு தடவை எறிந்து பார்த்தார், இல்லையென்று சொல்ல முடியாது. அந்த டிஸ்க் பூங்காவில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக்கூட்டத்துக்கு நடுவில் போய் விழுந்தது. வாத்துகள் அவரைக் கார்க் கதவு வரைக்கும் துரத்தி வந்ததை நேரில் பார்த்த மூன்று பேர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் பையோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்தப் பையை அவர் தூக்குகிற அழகைப் பார்த்தால் எறிகிறவரே அவர்தான் என்று யாரும் நினைப்பார்கள்.

வள்ளிக்கு நாற்பத்தேழு வயது. தாராபுரத்தில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து, கல்யாணமாகி, எச்-ஃபோர் விசாவில் அமெரிக்கா வந்து, வேலைக்குப் போக அனுமதி இல்லாமல் ஒன்பது வருடம் வீட்டில் இருந்து, கிரீன் கார்டு வந்த அடுத்த மாதமே ஒரு மருந்து கம்பெனியின் லேபில் சேர்ந்தவள். மகள் தென்றல் ஹைஸ்கூலில் கொஞ்ச நாள் விளையாடிவிட்டு, கராஜில் மூன்று டிஸ்க்குகளைப் போட்டுவிட்டுக் காலேஜுக்குப் போனாள். வள்ளி அவற்றை ஒருநாள் தூசி தட்டி எடுத்துப் பூங்காவுக்குக் கொண்டுபோனாள். விளையாட்டாக எடுத்ததுதான். ஆனால் லேபில் அவளுக்குப் பழகிய முறை ஒன்று இருந்தது: செய்ததை அப்படியே எழுதி வைப்பது. காற்று எந்தப் பக்கம், எந்த டிஸ்க், எத்தனை அடி போனது, ஏன் கோணியது என்று நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தாள். வேலைக்குப் போகுமுன் பள்ளிக்கூட மைதானத்தில் தினம் இருநூறு எறி. இரண்டு வருடத்தில் பூங்காவின் ஆண்கள் அவளைப் பார்த்ததும் தங்கள் ஆட்டத்தை நிறுத்தி வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். திருமூர்த்தியின் காலர் அன்று தூக்கிக்கொண்டதுதான், அப்புறம் கீழே இறங்கவே இல்லை.

நியூ ஜெர்சியின் வடக்கு மூலையில் ஒரு ஸ்கீ மலை இருக்கிறது. குளிர்காலத்தில் பனியில் சறுக்குகிறவர்கள். கோடையில் அதே சரிவுகளில் டிஸ்க் கோல்ஃப். ஆகஸ்டில் அங்கே இரண்டு நாள் போட்டி நடக்கும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் ஜெயிப்பவருக்கு மட்டும், அக்டோபரில் டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் நடக்கும் தேசியப் போட்டியில் ஓர் இடம். ஒன்றே ஒன்றுதான். போன வருடம் வள்ளி அதை ஒரே ஓர் எறியில் தவறவிட்டாள். திரும்பி வரும்போது 287 ஹைவேயில் ஏறியதிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் அவள் பேசவில்லை. ஒரு மாதம் பையைத் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடி, "அடுத்த வருஷம் அந்த சீட் எனக்கு வேணுங்க" என்றாள்.

திருமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபத்து நான்கு வருடக் குடித்தனத்தில் வள்ளி தனக்கென்று ஒன்றை வேண்டும் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. மகளுக்கு வேண்டும் என்பாள், வீட்டுக்கு வேண்டும் என்பாள். மிக்ஸி கூட வீட்டுக்குத்தான். தனக்கு என்று முதன்முதலாகக் கேட்டது இந்த சீட்டை.

அந்த அடுத்த வருடமும் வந்தது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்தபோது வள்ளியும் டெபியும் சமம். டெபி மலைக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஐம்பது வயது, குளிர்காலத்தில் இதே சரிவில் பிள்ளைகளுக்கு ஸ்கீ சொல்லிக்கொடுப்பவள், போன வருடம் அந்த சீட்டைக் கொண்டுபோனவளும் அவள்தான். மலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவளுக்கு வீட்டுக் கூடம் மாதிரி. ஞாயிறன்று இருவரோடும் மூன்றாவதாக ஆடியவள் ஹபீஸா. எடிசனில் பல் டாக்டர், கீழக்கரைக்காரி, தலையில் ஸ்கார்ஃபும் அதற்குமேல் ஒரு தொப்பியுமாக வருவாள். வள்ளிதான் அவளை இந்த ஆட்டத்துக்குள் இழுத்துவிட்டது. ஹபீஸா ஒன்பது எறி பின்னால் இருந்தாள். அதைப் பற்றிய கவலை அவள் முகத்தில் இல்லை.

லிஃப்ட் நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்து நால்வரும் மேலே போனார்கள். கீழே பனி கொட்டும் எந்திரங்கள் புல்லுக்கு நடுவே வேலையில்லாமல் நின்றன. திருமூர்த்தி ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பையையும் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கை இல்லையே என்று வருந்தினார். ஊர்த் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் நூற்று எண்பது பேர் அவருடைய நேரடி வர்ணனைக்குக் காத்திருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் ஒரு ஆறேழு பேர் கட்டைவிரல் படம் போடுவார்கள். அதில் இரண்டு பேர் ஆபீஸில் அவருடைய டீமில் வேலை பார்க்கிறவர்கள்.

மலைமேல் டிஸ்க் எறிவது பூங்காவில் எறிவது போல இல்லை. உச்சியிலிருந்து வீசினால் டிஸ்க் விழாது, மிதக்கும். போகிறது போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். காற்று பிடித்துக்கொண்டால் பக்கத்துச் சரிவுக்கே கொண்டுபோய்விடும். கூடைக்குப் பக்கத்தில் வந்த பிறகு அதைவிட ஆபத்து. குறி தப்பினால் டிஸ்க் விளிம்பில் நின்று சக்கரம் மாதிரி உருண்டு ஐம்பது அடி கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் ஒரு சட்டமும் உண்டு. டிஸ்க் விழுந்த இடத்தில், அதற்கு முன்னால் பிஸ்கட் அளவில் மினி என்கிற குட்டி டிஸ்க்கை அடையாளமாக வைத்துவிட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். எறியும்போது கால் மினிக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். மினியின்மேல் பட்டால் தப்பு, ஓர் எறி கூட்டிவிடுவார்கள். நடுவர் யாரும் கூடவே வருவதில்லை. ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். ஒருவர் தப்பு என்றால் கூட ஆடும் இன்னொருவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் தப்பு செல்லாது.

டெபிக்கு ஒரு பழக்கம். கீழே கிடக்கும் டிஸ்க்கைக் குனிந்து எடுக்கமாட்டாள். ஷூ நுனியால் ஒரு தட்டுத் தட்டி, அது துள்ளி மேலே வரும்போது கையில் பிடிப்பாள். பார்க்க அழகான வித்தைதான், அங்கே பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். வள்ளி மட்டும் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். பயிற்சியில் ஒருநாள் தன் டிஸ்க்கைத் தெரியாமல் மிதித்துவிட்டுச் சட்டென்று குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, பிளாஸ்டிக்குக்குமா இதெல்லாம் என்று திருமூர்த்தி சிரித்தார். கையில் பிடித்து ஆடுகிற பொருள், கால் பட்டால் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். புத்தகம், தாள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கால், எது பட்டாலும் அவள் கை யோசிக்காமல் கண்ணுக்குப் போய்விடும்.

ஞாயிறு ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே இழுபறி. மூன்றாவது கூடையில் டெபி ஒன்று முன்னால், ஏழில் சமம், ஒன்பதில் மறுபடியும் டெபி. பத்தாவது கூடைக்குப் போகும் வழியில் ஒரு கரடிக்குட்டி குறுக்கே ஓடி ஆட்டம் கால்மணி நேரம் நின்றது. ஹபீஸா பேரீச்சம்பழம் கொடுத்தாள், திருமூர்த்தி ஃபிளாஸ்கில் கொண்டுவந்த மோரை எல்லோருக்கும் ஊற்றினார். டெபி அதைக் குடித்துவிட்டு இன்னொரு கப் கேட்டாள். அதையும் அவர் குழுவில் போட்டார்.

பதினான்காவது கூடையில் வள்ளி எறிந்த எறியை இன்றைக்கும் அவர் விடாமல் சொல்கிறார். இரண்டு மரக்கூட்டங்களுக்கு நடுவே ஒரு கார் அகலத்துக்கு இடைவெளி. டெபி பாதுகாப்பாகச் சுற்றிப் போனாள். வள்ளி நோட்டைப் புரட்டினாள், புல்லைக் கிள்ளி மேலே விட்டுக் காற்றுப் பார்த்தாள், மூன்று அடி வைத்து இழுத்து விட்டாள். டிஸ்க் அந்தச் சந்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெயிலில் பளிச்சென்று வெளிப்பட்டு, கூடைக்குப் பத்தடியில் இறங்கியது. டெபி தொப்பியைக் கழற்றினாள். தன் கையில் இருக்கும் பையின் கனம் கூடத் திருமூர்த்திக்கு அப்போது தெரியவில்லை. வள்ளி ஒன்று முன்னால்.

பதினெட்டாவது கூடை மலையடிவாரத்தில், சறுக்க வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுக்கு எதிரே, பக்கவாட்டுச் சரிவில் இருந்தது. லாட்ஜின் மரத்தளத்தில் நாற்பது ஐம்பது பேர், ஆட்டம் முடித்தவர்களும் குடும்பங்களுமாகக் கூடியிருந்தார்கள். டெபி மூன்று எறியில் முடித்துவிட்டாள். ஹபீஸாவும் தன் பங்கை முடித்து ஒதுங்கி நின்றாள். வள்ளியின் மூன்றாவது எறி பாக்கி. கூடைக்கு இருபத்தைந்து அடி. உள்ளே போட்டால் ஒன்று வித்தியாசத்தில் வெற்றி, ரவுண்ட் ராக்.

அந்த இடம் லாட்ஜ் நிழலில் இருந்ததால் முந்தின நாள் மழை இன்னும் காயவில்லை. வள்ளி மினியை வைத்தாள், டிஸ்க்கைக் கையில் எடுத்தாள், வலது காலை மினிக்குப் பின்னால் ஊன்றிக்கொண்டாள். திருமூர்த்தி அவளுக்குப் பக்கவாட்டில் ஆறடி தள்ளிப் பையோடு நின்றார். மூச்சு விடாமல் நின்றார் என்றே சொல்ல வேண்டும். அவள் கை முன்னால் போனது. அதே கணத்தில் ஈரப்புல்லில் ஷூ வழுக்கி, அதன் நுனி மினியின்மேல் ஏறி நின்றது. டிஸ்க் அதற்கப்புறம்தான் விரலை விட்டுப் புறப்பட்டது. சங்கிலிகள் சடசடவென்று பிடித்துக்கொள்ள, கூடைக்குள் விழுந்தது.

தளத்தில் கைதட்டல் எழுந்தது. திருமூர்த்தியின் கண் ஷூவைப் பார்த்தது, காது சங்கிலியைக் கேட்டது; அவர் காதை நம்பினார். விரல் தானாகப் போய் "ஜெயிச்சாச்சு" என்று தட்டிக் குழுவுக்கு அனுப்பிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது வள்ளி கூடையைப் பார்க்கவில்லை. குனிந்து, வலது கையால் மினியைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

கையை நீட்டிக்கொண்டு வந்த டெபி அதைப் பார்த்து நின்றாள். சிரித்த முகமாக, அது பிரார்த்தனையா என்று கேட்டாள்.

வள்ளி வாயைத் திறப்பதற்குள் திருமூர்த்தி உள்ளே புகுந்தார். ஆமாம், பிரார்த்தனைதான், எங்கள் கலாசாரத்தில் ஜெயித்தவுடன் பூமியைத் தொட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்வோம், ஆயிரம் வருடப் பழக்கம் என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டார். அவருக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவ்வளவு சரளமாக வந்தது. எவ்வளவு அழகான பழக்கம் என்று டெபி நெஞ்சில் கை வைத்தாள்.

வள்ளி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் டெபியிடம் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள். பிரார்த்தனை இல்லை. என் கால் மினியின்மேல் பட்டுவிட்டது, எங்கள் பக்கத்தில் கால் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்வோம், எறிகிற நேரத்திலேயே பட்டது, அதனால் கால் தப்பு.

டெபி நல்லவள். தான் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், தான் பார்க்காததற்கு ஆமாம் சொல்ல முடியாது என்றும், இன்னொருவர் சொல்லாவிட்டால் சட்டப்படி இது தப்பே இல்லை என்றும் சொன்னாள். வேண்டுமானால் இத்தோடு விட்டுவிடலாம் என்கிற மாதிரிதான் அவள் குரல் இருந்தது. அப்போது மூன்று பேரும் ஹபீஸாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திருமூர்த்தி பார்த்த பார்வையை ஹபீஸா வாழ்நாளில் மறக்கமாட்டாள். ஐம்பத்து மூன்று வயது மனிதர், தங்கை முறையானவளிடம் கண்ணாலேயே கையேந்தினார். ஒன்றும் சொல்லாமல் இரு, அவ்வளவுதான், வாயைத் திறக்காமல் இரு என்று அந்தக் கண் கெஞ்சியது.

"வள்ளிக்கா…" என்று ஹபீஸா இழுத்தாள்.

"நீ பாத்தியா இல்லையா, அத மட்டும் சொல்லு ஹபீஸா."

ஹபீஸா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு, "பாத்தேன்க்கா" என்றாள். பிறகு டெபி பக்கம் திரும்பி, தான் ஆமாம் சொல்வதாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஓர் எறி கூடியது. மூன்று நான்கானது. இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பின் வள்ளியும் டெபியும் மறுபடி சமம். போட்டியை நடத்தும் வெள்ளைத்தாடிக்காரர் வந்து விவரம் கேட்டுக்கொண்டு, ப்ளே-ஆஃப் என்றார். உச்சியிலிருந்து எறிந்து இதே பதினெட்டாவது கூடைக்கு வர வேண்டும். குறைந்த எறியில் முடிப்பவருக்கு சீட். கால்மணி நேரத்தில் லிஃப்டில் ஏறச் சொன்னார்.

திருமூர்த்தி வள்ளியைத் தனியே ஒதுக்கிக்கொண்டு போனார். கையில் வந்ததை யாராவது இப்படித் தூக்கிக் கொடுப்பார்களா, டெபியே விட்டுவிடலாம் என்றாளே, ஒரு வருடம் இருட்டோடு எழுந்து எறிந்ததெல்லாம் எதற்கு என்று படபடத்தார். வள்ளி தண்ணீர் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க எதுக்குங்க எனக்காகப் பேசுனீங்க?"

"நாம ஜெயிச்சுட்டம்னு நெனச்சு…"

"நாம இல்லைங்க. எறிஞ்சது நானு. கால் பட்டதும் என் காலு." அவள் பாட்டிலை மூடினாள். "பொய் சொல்லி வாங்குன சீட்டுல ரவுண்ட் ராக் போயி, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எறியறது? பைய குடுங்க."

மினியை எடுக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அவர் பையின் ஜிப்பைத் திறந்து நீட்டினார்.

"குடுங்க. நானே தூக்கிக்கறேன். நீங்க கீழயே இருங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது எதிர்ப்பேச்சுப் பேசியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தாள். டெபியும் அவளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எதிரெதிரே ஆடப்போகும் இரண்டு பேர், மடியில் பையோடு, ஏதோ பேசிக்கொண்டே மேலே போனார்கள். திருமூர்த்தி வெறுங்கையோடு நின்று பார்த்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவர் தோளில் பை இல்லை.

சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வாழ்த்துகள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கே ஒன்றுகூடி வாழ்த்தியது, வழக்கமாகக் கட்டைவிரல்கூடக் காட்டாதவர்கள் பூங்கொத்து அனுப்பினார்கள். அவர் ஃபோனை அணைத்தார். ஹபீஸா பக்கத்தில் வந்து, "அண்ணே, மன்னிச்சுக்கங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவளைப் பார்க்கத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

உச்சியில் இரண்டு சின்ன உருவங்கள் தெரிந்தன. முதலில் டெபி எறிந்தாள். டிஸ்க் மலையை விட்டுப் பிரிந்து வெகுதூரம் வந்து, கடைசியில் இடதுபக்கம் மடங்கிப் புதர்ப்புல்லில் இறங்கியது. தளத்தில் ஒரு முனகல். அப்புறம் வள்ளி. புல்லைக் கிள்ளி மேலே விட்டாள் என்பது அத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை, ஆனால் விட்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். டிஸ்க் வலதுபக்கம் வெளியே போனது. ஐயோ போய்விட்டது என்று ஹபீஸா அவர் சட்டைக்கையைப் பிடித்தாள். போன டிஸ்க் காற்றில் சாய்ந்து, யோசித்துத் திரும்புவது போலத் திரும்பி, மலையின் நடுமுதுகோடு இறங்கி வந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அந்த வளைவை வரவழைக்க அவள் எத்தனை காலை எழுந்தாள் என்று அந்தத் தளத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் அதில் எதையும் செய்யவில்லை என்பதும் அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. அப்படியும் நெஞ்சு கொள்ளாமல் பெருமையாக இருந்தது. இதுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தபோது கூட இப்படி இருந்ததில்லை.

வள்ளி பையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி வந்தாள். பை கனம், இருபது டிஸ்க்குகள், தண்ணீர், துண்டு, குடை. இறக்கத்தில் அது முதுகில் இடித்துக்கொண்டே வரும் என்று அவருக்குத் தெரியும். போய் வாங்கிக்கொள்ளக் கால் பரபரத்தது. நின்ற இடத்திலேயே நின்றார்.

இரண்டாவது எறியில் டெபி புதரிலிருந்து பிரமாதமாக எடுத்து, கூடைக்கு இருபதடியில் கொண்டுவந்து வைத்தாள். வள்ளியின் டிஸ்க் நாற்பதடியில் நின்றது. தூரத்தில் இருப்பவர்தான் முதலில் எறிய வேண்டும். நாற்பதடி, அதே ஈரச்சரிவு, தப்பினால் டிஸ்க் பார்க்கிங் வரைக்கும் உருளும். வள்ளி மினியை வைத்தாள். ஷூ நுனியால் புல்லைக் கிண்டி, மண்ணில் கால் பதிகிறதா என்று இரண்டு தடவை ஊன்றிப் பார்த்தாள். டெபி இந்தத் தடவை கூடையைப் பார்க்கவில்லை, வள்ளியின் காலைத்தான் பார்த்தாள். தளத்தில் இருந்தவர்களும் அதையேதான் பார்த்தார்கள்.

கை போனது. கால் அசையவில்லை. டிஸ்க் நாற்பதடியையும் நேர்க்கோட்டில் கடந்து சங்கிலிகளுக்கு நடுவில் போய் அடித்தது.

டெபி எறிந்தது கூடையின் மேல் வளையத்தில் பட்டுத் தெறித்துச் சரிவில் உருண்டு போயிற்று. உருளும் டிஸ்க்கை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் வள்ளியைக் கட்டிக்கொண்டாள். ஹபீஸா அழுதுகொண்டே ஓடினாள். தளத்தில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள், பெயரை உச்சரிக்கத் தெரியாமல் வாலி, வாலி என்று கத்தினார்கள். வள்ளி கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். திருமூர்த்தி கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசு ஒரு பழைய மர ஸ்கீ, பனியில் சறுக்கக் காலில் மாட்டுகிற நீளப் பலகை. வள்ளியைவிட ஓரடி நீளம், வருடாவருடம் ஜெயித்தவர் பெயரைச் சுட்டு எழுதியிருந்தார்கள். தனியாகப் பிடித்தால் ஒரு பக்கம் சாயும்; அதனால் ஜெயித்தவர் ஒரு முனையையும் பை தூக்கியவர் மறு முனையையும் பிடித்துப் படம் எடுப்பது அந்த மலையின் வழக்கமாம். வெள்ளைத்தாடிக்காரர் திருமூர்த்தியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவர் அசையவில்லை. டெபிதான் வந்து தோளில் தட்டினாள். நீங்கள் ரொம்பப் பெருமைப்பட வேண்டும், இந்த மாதிரி ஒருத்தியோடு ஆடியதில் எனக்கே பெருமை என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, அந்தக் கால் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது என்றாள்.

அவருக்கு அவள் ஒரு வாசலைத் திறந்து விட்டிருந்தாள். தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், உள்ளே போய்ப் படத்தில் நின்றுகொள்ளலாம். இந்த மலையில் யாருக்கும் தெரியப்போவதில்லை. வள்ளி ஸ்கீயின் ஒரு முனையைப் பிடித்தபடி, பத்தடி தள்ளி நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருமூர்த்தி ஆங்கிலத்தில்தான் சொன்னார். அவருடைய வழக்கமான ஆங்கிலம் அன்று வரவில்லை; வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது.

"இல்ல டெபி. நான் பாத்தேன். நல்லாவே பாத்தேன். பாத்துட்டுத்தான் பொய் சொன்னேன்."

டெபி கையைத் தோளிலிருந்து எடுத்தாள். சரி என்பது போலத் தலையசைத்து ஒதுங்கி வழி விட்டாள். அவர் நகராமல் நின்றார். படம் எடுக்கிறவர் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கேமராவைத் தாழ்த்தினார்.

வள்ளியின் கையில் ஸ்கீ ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க," என்றாள். "வந்து அந்தப் பக்கம் புடிங்க. எத்தன நேரம் நான் ஒருத்தியே தாங்கறது?"